டோன் எந்த எண்ணில் நிற்க வேண்டும்?

கேள்வி: கூட்டங்கள், நேர்காணல்கள், இசை நிகழ்ச்சிகளைப் படமெடுத்துத் தொகுத்துக் கொடுக்கிறேன். இதுவரை இணையத்துக்கு மட்டும்தான் வேலை செய்திருக்கிறேன். முதல் முறையாக ஒரு தொலைக்காட்சிக்கு அரை மணி நேர நிகழ்ச்சி கொடுத்தேன். "ஒலி அளவு வரம்பை மீறியது" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்துவிட்டது. என் மீட்டரில் ஓரிடத்தில்கூடச் சிவப்பு எரியவில்லை. விசாரித்தால் ஒருவர் -12 என்கிறார், இன்னொருவர் -18, மற்றொருவர் -20. தொலைக்காட்சியினர் அனுப்பிய தாளில் -23 என்று இருக்கிறது. யூடியூபுக்கு -14 என்கிறார்கள். மிக்சரிலிருந்து வரும் டோனை, அதாவது அளவைச் சரிபார்க்க ஓட்டும் சீரான ஓசையை, என் கேமராவில் எங்கே நிறுத்துவது? பழைய பதிவுகள் பலவற்றில் டோன் -12இல் இருக்கிறது. அவற்றை என்ன செய்வது?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து எண்களும் சரியானவைதான். சிக்கல் என்னவென்றால், அவை ஒரே கேள்விக்கான விடைகள் இல்லை. -18, -20 இரண்டும் டோன் நிற்கும் இடங்கள். -12 என்பது பேச்சின் உச்சங்கள் அதுவரை போகலாம் என்று கேமராவில் வேலை செய்பவர்கள் கணக்கு வைத்திருக்கும் இடம். -23, -14 ஆகியவற்றைப் படிக்க லவுட்னஸ் மீட்டர் என்ற வேறொரு மீட்டர் வேண்டும். அந்த மீட்டர் உங்கள் கேமராவில் பெரும்பாலும் இருக்காது.

டோனை -20இல் நிறுத்துங்கள். வாங்குபவர் ஐரோப்பிய முறையைக் கேட்டால் -18இல் நிறுத்துங்கள். நீங்கள் நேராகக் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் உங்கள் நிகழ்ச்சி திரும்பி வந்ததற்கு டோன் காரணமாக இருக்க வாய்ப்பே இல்லை. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

டிஜிட்டல் மீட்டரில் 0தான் உச்ச வரம்பு. அதற்கு மேல் எண்ணே கிடையாது, அதனால்தான் எல்லா அளவுகளும் மைனஸில் வருகின்றன. இந்த அளவுகோலுக்கு டிபிஎஃப்எஸ் என்று பெயர். அனலாக் கருவிகளின் கதை வேறு. அங்கே 0 என்பது நடுவில் இருக்கும் ஒரு வசதியான இடம். அதற்கு மேலும் சிக்னல் போகும், போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். தொழில்முறை மிக்சரில் வியு மீட்டரின் முள் 0இல் நின்றால் வெளியே வருவது +4 டிபியு, அதாவது சுமார் 1.23 வோல்ட். டிபியு என்பது மின்னழுத்தத்தைக் குறிக்கும் டெசிபல் அலகு. இந்த மின்னழுத்தம் டிஜிட்டல் அளவுகோலில் எந்த எண்ணாக விழ வேண்டும் என்று இரு தரப்பும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதைத்தான் ரெஃபரன்ஸ் லெவல் என்கிறோம். டோன் ஓட்டுவது அந்த ஒப்பந்தத்தைச் சரிபார்க்க. எடை போடும் முன் தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்போமே, அந்த மாதிரி. சரக்கு எவ்வளவு என்பது அதற்கு அப்புறம் வரும் விஷயம்.

இந்த ஒப்பந்தம் உலகத்தில் இரண்டு விதமாக ஆகிவிட்டது. அமெரிக்க வழக்கத்தை வகுத்த எஸ்எம்பிடிஇ அமைப்பின் முறையில் 0 வியு, அதாவது +4 டிபியு, -20இல் விழும். ஐரோப்பிய ஒலிபரப்பாளர்களின் சங்கமான இபியு, ஆர்68 என்ற பரிந்துரையில் 0 டிபியுவை, அதாவது 0.775 வோல்ட்டை, -18இல் வைத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் 2 டெசிபல்தான் வித்தியாசம் என்று தோன்றும். வோல்ட்டைக் கவனியுங்கள். எஸ்எம்பிடிஇ முறையில் டிஜிட்டல் உச்சம் +24 டிபியு. இபியு முறையில் அது +18 டிபியு. அதாவது அமெரிக்க முறையில் அமைத்த மிக்சரின் +4 டிபியுவை, ஐரோப்பிய முறையில் அமைத்த ரெக்கார்டருக்கு அப்படியே கொடுத்தால் டோன் -14இல் போய் நிற்கும். 6 டெசிபல் வித்தியாசம். "எங்கேயோ 6 டெசிபல் கூடுதலாக வருகிறது, எங்கிருந்து என்றே தெரியவில்லை" என்று யாராவது தலையைச் சொறிந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இந்த 6 டெசிபல் தகராறு கேபிள் வழியாகச் சிக்னல் போகும்போது மட்டும்தான். கோப்பாகக் கொடுக்கும்போது மின்னழுத்தமே இல்லை, எண்கள் மட்டும்தான் இருக்கின்றன. -18இல் டோன் வைத்த கோப்பு ஒன்று கைக்கு வந்தது, நம் முறை -20 என்பதற்காக மொத்தத்தையும் 2 டெசிபல் இறக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவசியமே இல்லாத வேலை. உள்ளே இருக்கும் நிகழ்ச்சியின் அளவை லவுட்னஸ் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

டோனுக்கு மேலே ஏன் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது என்று கேட்கலாம். வியு மீட்டர் 1939இல் அமெரிக்க வானொலி, தொலைபேசி நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்தது. அதன் முள் மெதுவானது. ஒரு சத்தம் ஏறக்குறைய 300 மில்லி விநாடி நீடித்தால்தான் முள் முழு அளவைக் காட்டும். காது உணரும் சத்தத்துக்கு அது ஓரளவு நெருக்கமாக இருந்ததால் எல்லோரும் விரும்பினார்கள். ஆனால் பேச்சில் வரும் வல்லின எழுத்துகள், கைதட்டல், தாளக் கருவிகளின் முதல் அடி எல்லாம் அதைவிடப் பல மடங்கு வேகமாக வந்து போய்விடும். முள் 0இல் அமைதியாக ஆடிக்கொண்டிருக்கும்போதே பேச்சின் உண்மையான உச்சங்கள் அதற்கு மேல் 8, 10 டெசிபல் போயிருக்கும். தாள வாத்தியம் என்றால் இன்னும் அதிகம். அனலாக் டேப் அதைப் பொறுத்துக்கொண்டது. டிஜிட்டல் பொறுக்காது. 0ஐத் தொட்டதும் அலையின் தலை வெட்டுப்படும், அதைப் பிறகு முழுதாகச் சரிசெய்ய வழி கிடையாது. -20, -18 என்று கீழே இறக்கி வைத்ததெல்லாம் இந்த உச்சங்களுக்கு விட்ட இடம்தான், இதைத்தான் ஹெட்ரூம் என்கிறோம். இபியு முறையில் இன்னொரு வரம்பும் இருந்தது. அவர்களுடைய பிபிஎம் மீட்டர் வியுவைவிட வேகமானது. அதில் நிகழ்ச்சியின் உச்சம் -9ஐத் தாண்டக் கூடாது என்று வைத்திருந்தார்கள். அந்த மீட்டரும் தவறவிடும் மிகக் குறுகிய உச்சங்கள் மீதி 9 டெசிபலுக்குள் அடங்கிவிடும் என்பது கணக்கு.

இப்போது -12 விவகாரம். கையடக்கக் கேமராக்கள் பலவற்றில் மீட்டரில் -12 என்ற இடத்தில் ஒரு கோடோ புள்ளியோ இருக்கும். பேசுபவரின் குரல் அந்தக் கோட்டைச் சுற்றி எட்டிப் பார்த்தால் போதும் என்று கையேடுகளும் சொல்லும். நல்ல யோசனைதான். சின்னக் கேமராக்களின் உள்ளே இருக்கும் மைக் ஆம்ப்ளிஃபையர் இரைச்சல் மிக்கது, பல கேமராக்கள் 16 பிட்டில்தான் பதியும். ரொம்பக் கீழே பதிந்துவிட்டுப் பிறகு தூக்கினால் "உஸ்" என்ற ஓசையும் சேர்ந்து மேலே வரும். ஆனால் அது குரலின் உச்சத்துக்கான கோடு. அதே கோட்டில் டோனை நிறுத்தினால் மிக்சரின் 0க்கு மேலே வெறும் 12 டெசிபல்தான் மிச்சம். மிக்சரில் முள் 0ஐத் தொட்டு ஆடும்போது பேச்சுக்கு அது பெரும்பாலும் போதும். கூட்டம் ஆரவாரம் செய்த கணத்திலோ, பாடகர் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்ட கணத்திலோ போதாது. உங்கள் பழைய பதிவுகளில் கைதட்டல் வரும் இடங்களை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். நொறுங்கிய ஓசை கேட்டால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

சரி, மிக்சரையும் கேமராவையும் இணைக்கும் முறைக்கு வருவோம். முதலில் கேமராவில் ஆட்டோ கெயினை அணையுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் எந்த அளவில் டோன் கொடுத்தாலும் கேமரா தன் இஷ்டத்துக்கு ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். நீங்களும் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவீர்கள். அடுத்து, கேமராவின் உள்ளீட்டு சுவிட்ச் மைக்கில் இருக்கிறதா, லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். மிக்சர் லைன் அளவில் அனுப்ப, கேமரா மைக் அளவை எதிர்பார்த்தால், கெயினை எவ்வளவு குறைத்தாலும் ஒலி கரகரக்கும். மீட்டரில் அது தெரியாது என்பதுதான் இதில் மோசம். சிக்னல் கேமராவின் முதல் ஆம்ப்ளிஃபையரிலேயே நொறுங்கிவிட்டு, அப்புறம் கெயின் குமிழால் குறைக்கப்பட்டு, மீட்டரில் ஒழுங்காக -20 காட்டும்.

அப்புறம் மிக்சரில் 1 கிலோஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, அதன் மீட்டரில் 0 வரும்படி வையுங்கள். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரையும் குறைத்துவிட்டுச் செய்யுங்கள். கேமராவில் இரண்டு சேனல்களும் -20 காட்டும் வரை கெயினைத் திருப்புங்கள். பிறகு அந்தக் குமிழ்களைத் தொடவே கூடாது, முடிந்தால் டேப் ஒட்டிவிடுங்கள். நிகழ்ச்சியின்போது ஏற்றுவது, இறக்குவது எல்லாம் மிக்சரில்தான் நடக்க வேண்டும். இரண்டு இடத்தில் இரண்டு பேர் ஏற்றி இறக்கினால் டோன் போட்டதற்கே அர்த்தம் இல்லை.

மிக்சர் டிஜிட்டல் என்றால் ஓர் எச்சரிக்கை. அதன் மீட்டரில் உச்சியில் இருக்கும் 0, வியு மீட்டரின் 0 இல்லை, அது முழு அளவு. அங்கே வரை டோனை ஏற்றி அனுப்பிவிட்டுக் கேமராவை -20க்கு இறக்கினால் நிகழ்ச்சி முழுவதும் முணுமுணுப்பாகப் பதிவாகும். டிஜிட்டல் மிக்சரில் டோன் -18இலோ -20இலோ இருக்க வேண்டும். எது என்பதைக் கையேட்டில் பாருங்கள். உச்ச வெளியீடு +24 டிபியு என்று எழுதியிருந்தால் +4 டிபியு -20இல் வரும், +22 என்று இருந்தால் -18இல் வரும். அதேபோல ஆர்சிஏ வகைச் செருகி உள்ள எளிய கருவிகள் -10 டிபிவி என்ற வீட்டு உபயோக அளவில் இயங்குபவை. தொழில்முறை +4 டிபியுவோடு ஒப்பிட்டால் அவை ஏறக்குறைய 12 டெசிபல் கீழே. அதைக் கேமரா கெயினில் ஈடுகட்டிக்கொள்ளலாம், தெரிந்து செய்தால் போதும்.

அரங்கத்து ஒலி அமைப்பாளரிடமிருந்து இணைப்பு வாங்கும்போது பல நேரம் டோன் கிடைக்காது. அவர் கவலை அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது, உங்கள் கேமராவைப் பற்றியது இல்லை. அதில் தவறும் இல்லை. அவருடைய பிரதான வெளியீட்டை வாங்காமல் தனி ஆக்ஸ் வெளியீடு ஒன்றைக் கேளுங்கள். இல்லாவிட்டால் அரங்கத்துக்காக அவர் ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் பதிவிலும் விழும். டோன் இல்லையென்றால் பேச்சாளரை வழக்கமான குரலில் பேசச் சொல்லி உச்சங்கள் -12 அருகே வரும்படி வையுங்கள். கேமராவில் இரண்டு சேனல் இருந்து, வருவது மோனோ ஒலி என்றால், இரண்டாவது சேனலை 8, 10 டெசிபல் குறைத்துப் பதியுங்கள். முதல் சேனல் நொறுங்கிய இடங்களில் அது கைகொடுக்கும். என்னைக் கேட்டால், உச்சங்களை அமுக்கும் லிமிட்டர் எத்தனை போட்டாலும் இதற்கு ஈடாகாது.

32 பிட் ஃப்ளோட்டில் பதியும் ரெக்கார்டர் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாமே என்று சிலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. பதிவான எண்கள் 0ஐத் தாண்டினாலும் பிறகு இறக்கிக்கொள்ளலாம், சரிதான். ஆனால் மைக்கே திணறினாலோ, முன்னால் இருக்கும் மிக்சர் நொறுங்கினாலோ அந்த ரெக்கார்டர் நொறுங்கிய ஒலியைத்தான் துல்லியமாகப் பதியும்.

மீட்டரைப் பற்றி ஒரு குறுக்குச் செய்தி. ஒரே டோனை இரண்டு மென்பொருள்களில் வைத்தால் ஒன்று -20 என்றும் மற்றது -23 என்றும் காட்டலாம். இரண்டும் பொய் சொல்லவில்லை. முதலாவது அலையின் உச்சத்தைப் படிக்கிறது, இரண்டாவது ஆர்எம்எஸ் சராசரியைப் படிக்கிறது. சைன் அலைக்கு இவற்றின் வித்தியாசம் 3 டெசிபல். சில மென்பொருள்கள் அந்த 3ஐக் கூட்டிக்கொண்டு இரண்டையும் ஒன்றாகவே காட்டும். டோன் விஷயத்தில் -20 என்று நாம் சொல்வது உச்சம் காட்டும் மீட்டரில் தெரியும் -20. டைம்லைனில் டோன் உருவாக்கும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் நிகழ்ச்சி ஏன் திரும்பி வந்தது என்பதற்கு வருவோம். தாளில் இருந்த -23 என்பதற்குப் பக்கத்தில் லஃப்ஸ் என்ற அலகு இருந்திருக்கும். அது லவுட்னஸ், அதாவது ஒரு நிகழ்ச்சி முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை சராசரியாகக் காதுக்கு எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்ற கணக்கு. உங்கள் மீட்டரின் சிவப்பு விளக்கு உச்சத்தை மட்டும் பார்க்கிறது. உச்சம் -1இல் இருக்கும் இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒருவர் நிதானமாகப் பேசுகிறார், இடையில் ஒரு கதவு படாரென்று சாத்தப்படுகிறது. மற்றொன்றில் லிமிட்டரில் நசுக்கிய இசையோடு ஒருவர் கத்திக்கொண்டே இருக்கிறார். உச்சம் காட்டும் மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். பார்ப்பவர் இரண்டாவதற்கு ரிமோட்டைத் தேடுவார். விளம்பரங்கள் நிகழ்ச்சியைவிடப் பல மடங்கு அலறிக்கொண்டே, அதே நேரம் விதிக்குள்ளும் இருந்த காலம் ஒன்று இருந்தது. இந்த ஓட்டைதான் காரணம்.

அதை அடைக்க வந்ததுதான் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்ட பிஎஸ் 1770 என்ற அளவீட்டு முறை. காது மந்தமாகக் கேட்கும் அடி ஓசைகளுக்குக் குறைவாகவும், கூர்மையாகக் கேட்கும் மேல் ஓசைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் மதிப்பெண் கொடுத்து இது சராசரி எடுக்கிறது. பிறகு சேர்ந்த திருத்தம் முக்கியமானது. ஒலியை 400 மில்லி விநாடித் துண்டுகளாக எடுத்து, -70க்குக் கீழே இருப்பவற்றையும், சராசரியைவிட 10 அலகுக்கு மேல் தாழ்ந்திருப்பவற்றையும் கணக்கிலிருந்து தள்ளிவிடும். நிகழ்ச்சியில் நீண்ட மௌனங்கள் இருந்தால் அதைக் காட்டிப் பேச்சைச் சத்தமாக்கிக்கொள்ளும் தந்திரம் இதனால் பலிக்காது. இந்த அளவீட்டை வைத்து அமெரிக்காவில் ஏடிஎஸ்சி அமைப்பு 2009இல் ஏ/85 என்ற பரிந்துரையைக் கொண்டுவந்து -24ஐ இலக்காக வைத்தது. இபியு 2010இல் ஆர்128 மூலம் -23ஐ வைத்தது. விளம்பரங்களின் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் காம் சட்டம் அமெரிக்காவில் 2010இல் நிறைவேறி 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. -23 கேட்கிறார்கள் என்றால் உங்கள் தொலைக்காட்சி ஆர்128 வழியில் போகிறது. அதில் ட்ரூ பீக் எனப்படும் உண்மை உச்சம் -1ஐத் தாண்டக் கூடாது. ஏ/85 கேட்பவர்களுக்கு அது -2.

இணையத்துக்கே பழகிய கையில் தயாராகும் நிகழ்ச்சி -16, -15 லஃப்ஸ் என்று வருவது சகஜம். உங்களுடையதும் அப்படித்தான் இருந்திருக்கும். தொகுப்பு மென்பொருளில் லவுட்னஸ் மீட்டரைத் திறந்து, நிகழ்ச்சியை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டி, இன்டகிரேட்டட் என்ற எண்ணைப் பாருங்கள். -16 என்று வந்தால் 7 டெசிபல் மொத்தமாக இறக்குங்கள், -23 வந்துவிடும். மறுபடி கலக்க வேண்டியதில்லை, லிமிட்டர் வேண்டாம், எதுவும் கெடாது. அளக்கும்போது முன்னால் இருக்கும் வண்ணப் பட்டை, டோன், தலைப்பு அட்டை எதையும் சேர்க்காதீர்கள். ஒரு நிமிட டோனையும் சேர்த்து அளந்தால் எண் தவறிவிடும்.

மீட்டரே சரியாக இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், அதைச் சோதிக்கவும் டோன் உதவும். -20இல் இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் டோனை இடது, வலது இரண்டு சேனலிலும் போட்டு லவுட்னஸ் மீட்டரில் பாருங்கள், -20 லஃப்ஸ் வர வேண்டும். ஒரு சேனலை மட்டும் விட்டால் -23 காட்ட வேண்டும். இந்தச் சோதனையில் தற்செயலாக வரும் -23ஐப் பார்த்துவிட்டு "டோன் -20இல் இருந்தால் நிகழ்ச்சி -23 ஆகிவிடும்" என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. டோன் -20இல் இருக்கும் கோப்பில் நிகழ்ச்சி -23 லஃப்ஸிலும் இருக்கலாம், -30இலும் இருக்கலாம்.

ட்ரூ பீக்கை ஏன் தனியாகக் கேட்கிறார்கள் என்றால், சாதாரண மீட்டர் பதிவான புள்ளிகளின் அளவை மட்டும் படிக்கிறது. அந்தப் புள்ளிகளைச் சேர்த்து மறுபடி அலையாக்கும்போது இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அலை இன்னும் உயரமாகப் போகலாம். ஏஏசி போன்ற முறையில் சுருக்கினால் உச்சங்கள் மேலும் கொஞ்சம் எகிறும். -0.1இல் லிமிட்டர் வைத்து "நான் 0ஐத் தொடவில்லை" என்பது அங்கே செல்லாது.

இணையத்துக்கு -14 என்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. யூடியூப், ஸ்பாட்டிஃபை போன்றவை ஏறக்குறைய அந்த அளவை மையமாக வைத்து ஒலியைச் சமன் செய்கின்றன. அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் இறக்கிவிடும். நசுக்கி நசுக்கி -9க்கு ஏற்றியவருக்கு லாபம் ஏதுமில்லை, நசுங்கிய ஒலி மட்டும் மிச்சம். ஆனால் அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் யூடியூப் ஏற்றித் தருவதில்லை. தொலைக்காட்சிக்குச் செய்த -23 கோப்பை அப்படியே ஏற்றினால் கைப்பேசியில் கேட்பவருக்கு மெல்லிசாக இருக்கும். ஆகவே இணையத்துக்குத் தனி மாஸ்டர், அதாவது தனி இறுதிக் கோப்பு தேவை, சரி. ஆனால் -14ஐத் தொட்டே ஆக வேண்டும் என்று பேச்சு நிகழ்ச்சியை நசுக்காதீர்கள். -23இலிருந்து 9 டெசிபல் ஏற்றும்போது உச்சங்கள் கூரையில் முட்டும், லிமிட்டர் நிறைய வேலை செய்ய வேண்டிவரும். ஆப்பிள் தன் பாட்காஸ்ட்களுக்கு -16ஐத்தான் பரிந்துரைக்கிறது. பேச்சுக்கு அது போதுமானது என்பது என் எண்ணம். நெட்ஃபிளிக்ஸ் போன்ற இடங்கள் வேறு வழியில் போய், வசனத்தை மட்டும் அளந்து -27 கேட்கின்றன. அந்தக் கட்டம் வரும்போது அவர்களுடைய தாளை வாங்கி அதன்படியே செய்யுங்கள்.

எல்லாரும் விட்டுவிடும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், எனக்கு இதுதான் மீட்டர்களைவிடப் பெரியது. உங்கள் ஸ்பீக்கரின் சத்தம் ஓரிடத்தில் நிலையாக இருக்க வேண்டும். காலையில் ஒரு அளவு, இரவில் ஒரு அளவு என்று குமிழைத் திருப்பிக்கொண்டே கலந்தால் உங்கள் கலவையும் அதோடு சேர்ந்து மாறும். ஸ்பீக்கர் சத்தமாக இருக்கும் நாளில் குரலைத் தாழ்த்தி வைப்பீர்கள், மெதுவாக இருக்கும் நாளில் ஏற்றி வைப்பீர்கள். சினிமா கலவை அறைகளில் ஆர்எம்எஸ் -20இல் பிங்க் நாய்ஸ் என்ற இரைச்சல் போன்ற சோதனை ஓசையை ஓட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கரும் உட்காரும் இடத்தில் 85 டெசிபல் தரும்படி வைப்பார்கள். ஒலி அளக்கும் கருவியை சி வெயிட்டிங்கிலும் மெதுவான வேகத்திலும் வைத்து இதை அளக்க வேண்டும். சின்ன அறையில் 85 காதைக் கிழிக்கும். 75 முதல் 79 வரை ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குமிழில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசிச் செயலியின் அளவு துல்லியமாக இருக்காது. ஆனாலும் அதே கைப்பேசி, அதே இடம், அதே ஓசை என்றால் தினமும் அதே இடத்துக்குத் திரும்பி வர அது போதும். சில வாரம் இப்படி வேலை செய்தால், பேச்சு இயல்பாகக் கேட்கும்படி கலந்துவிட்டு மீட்டரைப் பார்த்தால், எண் இலக்கிலிருந்து ஒன்றிரண்டு அலகு தள்ளித்தான் இருக்கும். மீட்டரை முறைத்துக்கொண்டே கலப்பவர்களுக்கு இது வாய்க்காது.

கொடுக்கும் கோப்பின் தலைப்பு அட்டையில் டோன் எந்த அளவில் இருக்கிறது, எந்த முறைப்படி, நிகழ்ச்சியின் லவுட்னஸ் எவ்வளவு, ட்ரூ பீக் எவ்வளவு என்று எழுதிவிடுங்கள். கோப்பாகக் கொடுக்கும்போது டோனே வேண்டாம் என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. அப்போது போடாதீர்கள்.

கடைசியாக, பழைய பதிவுகள். டிஜிட்டல் கோப்புகளாக இருந்தால் மூலத்தைத் தொடவே வேண்டாம். டோன் -12இல் இருப்பது குற்றமில்லை. குறிப்பு எழுதி வைத்தால் போதும். மறுபடி பயன்படுத்தும்போது டைம்லைனில் 8 டெசிபல் இறக்கினால் டோன் -20க்கு வந்துவிடும், பிறகு நிகழ்ச்சியைத் தனியாக அளந்து இலக்குக்கு ஏற்றியோ இறக்கியோ கொள்ளலாம். வெட்டுப்பட்ட உச்சங்கள் இறக்குவதால் சரியாகாது, அந்த இடங்களுக்கு மட்டும் டிகிளிப் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். அனலாக் டேப்கள் ஏதாவது இருந்தால் அங்கே டோனுக்கு இன்னும் முழு வேலை இருக்கிறது. டேப்பின் ஆரம்பத்தில் இருக்கும் டோனை ஓட்டி, கணினியில் பிடிக்கும்போது -20 வரும்படி உள்ளீட்டை அமைத்துவிட்டு, பிறகு நிகழ்ச்சியைப் பிடியுங்கள். ஒவ்வொரு டேப்புக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும், முந்தைய டேப்புக்கு வைத்த அளவு அடுத்ததற்குப் பொருந்தும் என்று விட்டுவிடாதீர்கள்.